வக்கீல் திண்ணை: மம்பெட்டுக்கு ஆஜரானவர்

கொத்தடிமை பற்றிய ஒரு கேள்விக்குப் போன இதழில் பதில் எழுதியபோது, "1781-லேயே அமெரிக்காவில் எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அடிமைப் பெண் வக்கீல் வைத்து, முதலாளி மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார்" என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த முறை தபால்கள் வந்திருக்கின்றன. பாகப்பிரிவினை, வண்டிப்பாதைத் தகராறு, செக் கேஸ் எல்லாம் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். வழக்கம்போல ஊர் மட்டும்தான் போடுகிறேன். பெயர் போட்டால் பங்காளிகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று நீங்கள்தானே எழுதுகிறீர்கள்!

பாலக்கோட்டிலிருந்து ஒரு சட்டக் கல்லூரி மாணவி: அந்த வக்கீல் யார் ஐயா? எங்கள் பாடத்தில் எங்கேயும் வரவில்லையே?

வராதும்மா. அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாது. தியோடர் செட்ஜ்விக் என்று பெயர். 1746-ல் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டார். அண்ணன்தான் படிக்க வைத்தார். அண்ணன் வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்தால் தம்பி என்ன செய்வார்? யேல் கல்லூரியில் ஏதோ சேட்டை செய்து, பட்டம் வாங்குவதற்கு முன்பே வெளியே அனுப்பப்பட்டார். பிற்பாடு கல்லூரியே கூப்பிட்டுப் பட்டம் கொடுத்தது, அது வேறு கதை. பாதிரியாராகலாம் என்று கொஞ்ச நாள் மதநூல் படித்தார். ஒத்துவரவில்லை. மாசசூசெட்ஸின் மேற்கு ஓரத்தில், மலையும் பண்ணையுமாக இருக்கிற பெர்க்‌ஷயர் பக்கம் போய், மார்க் ஹாப்கின்ஸ் என்ற வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்து சட்டம் கற்றார். அந்தக் காலத்தில் சட்டக் கல்லூரி கிடையாது. சீனியர் வீட்டுப் புத்தகம்தான் பாடம், சீனியர் சொல்லும் நகல் வேலைதான் பரீட்சை. 1766-ல், இருபது வயதில் கறுப்பு அங்கி.

அப்புறம் பதவிகள். இவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றுக்காக யாரும் அவரை நினைப்பதில்லை. மாநிலச் சட்டசபை உறுப்பினர், பிறகு அதன் சபாநாயகர். அமெரிக்க அரசியல் சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று 1788-ல் கூடிய மாசசூசெட்ஸ் மாநாட்டில் ‘ஏற்போம்’ கட்சி. 1789-ல் கூடிய முதல் பிரதிநிதிகள் சபையிலேயே உறுப்பினர், 1796 முதல் செனட்டர், 1799 முதல் 1801 வரை பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர். தலைநகரம் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வாஷிங்டனுக்கு மூட்டை கட்டிப் போனது இவர் சபாநாயகராக இருந்த காலத்தில்தான். 1802-ல் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனார். 1813-ல் சாகும் வரை அந்த நாற்காலிதான்.

இவ்வளவு பெரிய பட்டியல். ஆனால் இன்றைக்கு அவர் பெயர் அடிபடுவது, முப்பத்தைந்து வயதில் ஒரு சின்ன ஊர் நீதிமன்றத்தில் எடுத்த ஒரே ஒரு வழக்கை வைத்து.

அரூரிலிருந்து ஓர் ஆசிரியை: எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு, வக்கீலிடம் போக வேண்டும் என்று எப்படித் தோன்றியது? யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

நல்ல கேள்வி டீச்சர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஷெஃபீல்ட் என்ற ஊரில் கர்னல் ஜான் ஆஷ்லி என்று ஒரு பெரியதனக்காரர். கண்ணுக்கெட்டிய தூரம் நிலம், ஆலை, கடை. போதாக்குறைக்கு அவரே யேலில் படித்த வக்கீல், அந்த மாவட்ட சிவில் கோர்ட்டில் நீண்ட காலம் நீதிபதி. அவர் மனைவி ஹன்னா, பக்கத்து நியூயார்க் மாநிலத்து டச்சுக் குடும்பத்துப் பெண். பெட் என்ற அடிமைப் பெண் (தலைப்பில் வரும் மம்பெட் இவர்தான்), பிறந்தது ஹன்னாவின் அப்பா பண்ணையில். அங்கிருந்து ஆஷ்லி வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்.

1773 ஜனவரியில் அந்த ஆஷ்லி வீட்டு மாடி அறையில் ஒரு கமிட்டி கூடியது. இங்கிலாந்து அரசாங்கத்தை எதிர்த்து ஊர்த் தீர்மானம் எழுத வேண்டும். கமிட்டிக்குத் தலைவர் ஆஷ்லி. எழுதுகோல் பிடித்த இளம் வக்கீல் நம் செட்ஜ்விக், அப்போது வயது இருபத்தாறு. மனிதர்கள் இயற்கையில் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள், ஒருவருக்கு ஒருவர் கட்டுப்பட்டவர்கள் அல்ல, தங்கள் உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் இடையூறில்லாமல் அனுபவிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று முதல் தீர்மானம் சொன்னது. மேலே இது எழுதப்படும்போது கீழே அடுப்படியில் வேலை செய்தவர்களில் பெட்டும் ஒருவர். மரத்தளம் போட்ட வீடு. மேலே பேசினால் கீழே கேட்கும்.

அதன்பின் நடந்ததை, செட்ஜ்விக்கின் மகள் கேதரின், பெட் சொல்லக் கேட்டுப் பின்னாளில் எழுதி வைத்தார். ஒருநாள் வீட்டம்மாவுக்குக் கோபம் வந்தது. கையில் அடுப்பை வாரும் பெரிய இரும்புக் கரண்டி, தணலில் கிடந்து சிவந்திருந்தது. அதைப் பெட்டின் தங்கை மேல் ஓங்கினார் (தங்கை அல்ல, மகள் என்று சொல்பவர்களும் உண்டு). பெட் குறுக்கே கையை நீட்டினார். அடி கையில் விழுந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்கக் கை ஆறவில்லை, தழும்பு சாகும் வரை போகவில்லை. இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அதற்கு அடுத்த விஷயத்தைத்தான். பெட் அந்தக் காயத்தை மூடவே இல்லை. வேண்டுமென்றே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பரிமாறினார். வந்த விருந்தாளிகள், "பெட்டி, கைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால், வீட்டம்மா பக்கத்தில் நிற்கும்போதே, "அம்மாவையே கேளுங்கள்" என்பார். டீச்சர், இதற்கு மேல் இவருக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்திருக்க முடியும்? சாட்சியத்தைப் பத்திரமாக வைத்து, சரியான ஆள் முன்னால் காட்டுவதை நாங்கள் சட்டப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்கிறோம்.

1780-ல் மாசசூசெட்ஸுக்குப் புதிய அரசியல் சட்டம் வந்தது. அதை எழுதியதில் பெரும்பங்கு ஜான் ஆடம்ஸுடையது. எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று அதன் முதல் பிரிவு சொன்னது. ஊர்க் கூடத்தில் இப்படி ஒன்றை வாசிக்கக் கேட்ட மறுநாள் பெட் செட்ஜ்விக்கின் ஆபீஸுக்கு வந்து நின்றார். கேதரின் எழுதியபடி அவர் சொன்னது இதுதான்: "நேற்று அந்தக் காகிதத்தை வாசிக்கக் கேட்டேன். எல்லாரும் சமமாகப் பிறந்தவர்கள், எல்லாருக்கும் சுதந்திரத்துக்கு உரிமை உண்டு என்று அதில் இருக்கிறது. நான் வாயில்லா ஜீவன் இல்லையே. சட்டம் எனக்கு விடுதலை தராதா?"

யாரிடம் வந்தார் பாருங்கள். அதே மாடி அறையில் உட்கார்ந்து ‘சமம், சுதந்திரம்’ என்று எழுதியவரிடம். வாசற்படியில் நிற்பவரைப் பார்த்து, ‘அது உனக்காக எழுதியது இல்லை’ என்று சொல்ல அவரால் முடியவில்லை. ஆஷ்லி அவருக்கு வேண்டப்பட்டவர், அரசியலில் கூட்டாளி, ஊரில் பெரிய கை. இருந்தும் வழக்கை எடுத்தார்.

கிருஷ்ணகிரி நீதிமன்றத்திலிருந்து ஓர் இளம் வக்கீல்: என்ன மாதிரி மனு போட்டார் சார்? ஹேபியஸ் கார்ப்பஸா?

இல்லை தம்பி. அது ஞாபகம் வருவது நியாயம்தான். 1772-ல் லண்டனில் சாமர்செட் என்ற அடிமையை மான்ஸ்ஃபீல்ட் பிரபு விடுவித்தது ஆட்கொணர்வு மனுவில்தான். ஆனால் செட்ஜ்விக் வேறு வழியில் போனார். ரெப்ளெவின் என்று ஒன்று. உன் பொருளை ஒருவன் நியாயமில்லாமல் பிடித்து வைத்திருந்தால், வழக்கு முடியும் வரை அதை விடுவி என்று ஷெரீஃபுக்கு உத்தரவு வாங்கும் மனு. பெரும்பாலும் பிடித்து அடைத்த மாடு கன்றுக்குப் போடுவது. பிடித்து வைக்கப்பட்ட மனிதருக்கும் அதைப் போட ஆங்கிலச் சட்டத்தில் பழைய வழி ஒன்று இருந்தது. ரொம்ப நாளாக யாரும் நடக்காத வழி.

இது உங்களுக்குப் புரிய நம்மூர் வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். நான் தருமபுரியில் ஜூனியராகச் சேர்ந்த புதிதில், பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் விடியற்காலை பஸ்ஸுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கடலைக்காட்டில் மேய்ந்தது என்று சொல்லி அவருடைய இரண்டு உழவு மாட்டையும் பக்கத்துக் காட்டுக்காரர் கொண்டித்தொட்டியில் அடைத்துவிட்டார். உழவு நேரம். எங்கள் சீனியர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "மாடு உன்னுதுன்னு எப்படிச் சொல்லுவே?" வந்தவர் மளமளவென்று சொன்னார். ஒன்றுக்கு வலது காதில் வெட்டு, இன்னொன்றுக்கு இடது கொம்பு நுனி உடைந்தது, இரண்டுக்கும் போன பொங்கலுக்கு அடித்த பச்சைப் பெயிண்ட் பாதி உரிந்தது. சீனியர் பேனாவை எடுத்தார். 1871-ஆம் வருடத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம், 20-ஆம் பிரிவு, பிடித்த பத்து நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் புகார். அன்று சாயங்காலமே டைப் அடித்துக் கையெழுத்து.

இந்த மாதிரி மனுவில் ஒரு வசதி உண்டு. பிடித்து வைத்திருப்பவன் சும்மா இருக்க முடியாது. ‘இதைப் பிடித்து வைக்க எனக்கு உரிமை உண்டு, காரணம் இது’ என்று வாயைத் திறந்தாக வேண்டும். திறந்தால் நிரூபித்தாக வேண்டும்.

செட்ஜ்விக்குக்கு வேண்டியதும் அதுதான். அடிமைத்தனம் பாவம், கொடுமை என்றெல்லாம் அவர் மனுவில் எழுதவில்லை. பெட்டையும், பிராம் என்ற இன்னொரு அடிமையையும் ஆஷ்லி சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார், விடுவியுங்கள் என்று மட்டும் 1781 மே மாதம் மனு போட்டார். பெண் தனியாக வழக்காடினால் சிக்கல் வரும் என்றுதான் பிராமைச் சேர்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ஷெரீஃப் உத்தரவோடு போனார். ஆஷ்லி விட மறுத்தார். இவர்கள் ஆயுள் முழுக்க என் வேலைக்காரர்கள் என்றார். அவ்வளவுதான், விழுந்துவிட்டார். இப்போது கேள்வி, அந்தக் கை வெந்ததா இல்லையா என்பதல்ல. ‘எல்லாரும் சுதந்திரமாகப் பிறந்தவர்கள்’ என்று போன வருடம் அரசியல் சட்டம் எழுதிய மாநிலத்தில், ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு ஆயுள் அடிமையாக இருக்கச் சட்டம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்பதுதான்.

1781 ஆகஸ்ட், கிரேட் பேரிங்டன் ஊர். ஆஷ்லி நீதிபதியாக இருந்த அதே சிவில் கோர்ட். செட்ஜ்விக்குக்குத் துணையாக டேப்பிங் ரீவ் வந்தார். பின்னாளில் லிட்ச்ஃபீல்டில் அவர் நடத்திய சட்டப் பள்ளி அமெரிக்காவின் முதல் சட்டப் பள்ளிகளில் ஒன்று. உள்ளூர் ஆட்கள் அடங்கிய ஜூரி, இருவரும் ஆஷ்லியின் சட்டப்படியான ஆயுள் வேலைக்காரர்கள் அல்ல, வழக்குத் தொடுத்த நாளிலும் அல்ல என்று சொன்னது. முப்பது ஷில்லிங் நஷ்டஈடு, அதோடு செலவுத் தொகை. நஷ்டஈட்டுத் தொகையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நேற்று வரை ‘சொத்தாக’ இருந்தவருக்குச் சொத்துக்காரர் பணம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

தம்பி, உங்களுக்கு ஒரு வார்த்தை. ஜூனியர்கள் மனுவில் கொடுமையை நாலு பக்கம் எழுதிவிட்டு, பரிகாரத்தை ஒன்றரை வரியில் கேட்கிறீர்கள். செட்ஜ்விக் பரிகாரத்திலிருந்து ஆரம்பித்தார்.

பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு வாசகர்: தோற்ற ஆஷ்லி சும்மா விட்டாரா?

அப்பீல் போட்டார். பிறகு அவரே வாபஸ் வாங்கிவிட்டார். சம்பளம் தருகிறேன், திரும்ப வா என்று பெட்டைக் கூப்பிட்டும் பார்த்தார். பெட் போகவில்லை. செட்ஜ்விக் வீட்டில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். எலிசபெத் ஃப்ரீமேன் என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்த வீட்டுக் குழந்தைகள் ‘மம்பெட்’ என்று கூப்பிட்டதுதான் ஊரில் நிலைத்தது.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு மாங்காய் மண்டி உரிமையாளர்: இந்த ஒரே தீர்ப்பால் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்துவிட்டதா?

அமெரிக்காவில் இல்லை, மாசசூசெட்ஸில். அங்கேயும் ஒரே தீர்ப்பால் இல்லை. அதே சமயம் வூஸ்டர் பக்கம் குவாக் வாக்கர் என்ற அடிமையின் வழக்குகள் நடந்தன. 1783-ல் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், நம் அரசியல் சட்டத்துக்கும் அடிமை முறைக்கும் ஒத்துவராது என்று ஜூரியிடம் சொல்லிவிட்டார். அதோடு அங்கே அடிமையை வைத்திருக்கச் சட்டத்தின் ஆதரவு போய்விட்டது. ‘ஒழித்தோம்’ என்று தனியாகச் சட்டம் எதுவும் சட்டசபையில் வரவில்லை. 1790-ல் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது மாசசூசெட்ஸ் கணக்கில் அடிமை என்று ஒருவரும் இல்லை. தென் மாநிலங்களில் இன்னும் எழுபது எண்பது வருடம், ஒரு உள்நாட்டுப் போர் வரை இழுத்தது.

செட்ஜ்விக்கைப் பொறுத்தவரை இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீதிபதியான பின் 1810-ல், ஆப்பிரிக்கக் கரையில் போடப்பட்ட அடிமை வியாபார ஒப்பந்தம் ஒன்று அவர் கோர்ட்டுக்கு வந்தது. கிரீன்வுட் எதிர் கர்ட்டிஸ் வழக்கு. கொடுக்கல் வாங்கல் பாக்கியை வசூலிக்கலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். செட்ஜ்விக் மட்டும் மாறுபட்டு எழுதினார். இயற்கை நீதிக்கே விரோதமான வியாபாரத்திலிருந்து பிறந்த ஒப்பந்தத்துக்கு இந்தக் கோர்ட் உதவக் கூடாது என்பது அவர் கட்சி. தோற்ற கட்சிதான். வியாபாரிக்குப் பணம் கிடைத்தது.

ஓசூரிலிருந்து ஒரு தொழிற்சங்கத் தோழர்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஏழைப் பங்காளர் போலத் தெரிகிறதே?

அப்படி நான் எங்கே சொன்னேன் தோழர்? ஏழைப் பங்காளர் பக்கமே அவர் போகவில்லை. மேட்டுக்குடி மனப்பான்மை. எதிர்க்கட்சியான ஜெஃபர்சன் கட்சிக்குப் பின்னால் போகும் சாதாரண ஜனங்களை அப்பா வீட்டில் காலிகள், அயோக்கியர்கள் என்கிற மாதிரிதான் பேசுவார் என்று மகள் கேதரினே எழுதியிருக்கிறார்.

1786-ல் மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதி விவசாயிகள் கடன் தொல்லை தாங்காமல் டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் போர்வீரர் பெயரில் கிளம்பினார்கள். அமெரிக்க விடுதலைப் போரில் சண்டை போட்ட ஆட்கள், சம்பளம் சரியாகக் கிடைக்கவில்லை, ஊருக்கு வந்தால் வரி, கடன், ஜப்தி. வழக்குப் போட்டால்தானே ஜப்தி, கோர்ட்டையே நடக்க விடாதே என்று போய் மறித்தார்கள். தருமபுரிக்காரனான எனக்கு ஜப்தி அமீனாவைப் பார்த்து ஓடியவர்களைத் தெரியும், அவர்கள் பக்கம் மனசு போகத்தான் செய்கிறது. செட்ஜ்விக்குக்குப் போகவில்லை. சட்டம், ஒழுங்கு, அடக்கு. அதனால் 1787 பிப்ரவரியில் கலகக்காரர்கள் ஸ்டாக்பிரிட்ஜில் இருந்த அவர் வீட்டையே தேடி வந்தார்கள். அவர் ஊரில் இல்லை. வீட்டைக் காத்தவர் மம்பெட்.

வெள்ளிப் பாத்திரங்களைத் தன் சொந்தப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். வந்தவர்கள் வீடெல்லாம் துழாவிவிட்டு அந்தப் பெட்டிக்கு வந்தபோது, கறுப்புச்சி என்று என்னைக் கேவலமாகக் கூப்பிடுகிறீர்கள், என் பெட்டியைக் குடைய மட்டும் வெட்கமில்லையா என்கிற தோரணையில் ஒரு பிடி பிடித்தார். கூச்சப்பட்டுத் திறக்காமல் போய்விட்டார்கள். பாருங்கள், இவரும் சாதாரண ஜனம், வந்தவர்களும் சாதாரண ஜனம்.

சபையில் செட்ஜ்விக் நடந்துகொண்ட விதமும் அப்படித்தான். 1790-ல் மாநிலங்களின் போர்க்கடனை மத்திய அரசு ஏற்க வேண்டும் என்ற நிதியமைச்சர் ஹாமில்டனின் யோசனை தோற்றபோது, செட்ஜ்விக் எழுந்து அதற்கு இரங்கல் உரை போல ஒன்றை நிகழ்த்தினார். ஒழுங்குப் பிரச்னை கிளம்பியது. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது முகத்தில் அழுத தடம் தெரிந்தது என்று வில்லியம் மெக்லே என்ற செனட்டர் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். மெக்லேவுக்கு யாரையும் பிடிக்காது, அதனால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். சபாநாயகரான பின் பத்திரிகைக்காரர்களைச் சபைக்குள் உட்கார விடவில்லை. எதிர்க்கட்சிப் பத்திரிகை நடத்திய சாமுவேல் ஹாரிசன் ஸ்மித்தை வெளியேற்றினார். 1801-ல் ஜெஃபர்சனும் ஆரன் பர்ரும் சரிசமமாக 73 வாக்கு வாங்கி, யார் ஜனாதிபதி என்று சபை முடிவு செய்ய வேண்டி வந்தது. 36 சுற்று வாக்கெடுப்பு. சபாநாயகர் நாற்காலியில் செட்ஜ்விக். கடைசிச் சுற்று வரை அவருடைய மாநிலம் பர் பக்கமே நின்றது. ஜெஃபர்சன் ஜெயித்தார், செட்ஜ்விக் தேசிய அரசியலை விட்டு ஊருக்கு வந்துவிட்டார்.

என் கணக்கில் இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை வீட்டில் இருந்தது. மனைவி பமீலாவுக்கு மனச்சோர்வு நோய். வருடத்தில் பாதி கணவர் நியூயார்க்கிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் சபையில் இருப்பார். நிறையக் குழந்தைகள், மலை ஊர்க் குளிர். வந்துவிடுங்கள் என்று அந்த அம்மா கடிதம் எழுதுவார். அவர் அன்பாகப் பதில் எழுதுவார், அடுத்த தேர்தலில் மறுபடியும் நிற்பார். அந்த அம்மாவுக்கு நோய் முற்றும்போது பக்கத்தில் இருந்து தேற்றியவர் மம்பெட். குழந்தைகளை வளர்த்ததும் பெரும்பாலும் அவரே. செட்ஜ்விக் வாங்கித் தந்தது ஒரு தீர்ப்பு. பதிலுக்கு மம்பெட் அவர் குடும்பத்தையே தாங்கியிருக்கிறார். கணக்குப் பார்த்தால் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று எனக்குச் சொல்லத் தெரியும், தோழருக்கும் தெரியும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒருவர்: நம் பக்கத்து ராஜாஜியோடு இவரை ஒப்பிடலாமா? அவரும் வக்கீல், சட்டசபைக்காரர், பழமைவாதி.

ஒப்பிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்து, 1937-ல் சென்னை மாகாணப் பிரதமர், பிறகு கவர்னர் ஜெனரல் வரை போனவர். இருவருக்கும் புத்தி கூர்மை, இருவருக்கும் கூட்டத்தின் மேல் கொஞ்சம் அவநம்பிக்கை. ஆனால் ராஜாஜி வக்கீல் தொழிலை உதறிவிட்டு ஜெயிலுக்குப் போனார். செட்ஜ்விக் எதையும் உதறவில்லை. அதோடு நிறுத்திக்கொள்கிறேன், மேலே போனால் உங்கள் ஊரிலிருந்தும் எங்கள் ஊரிலிருந்தும் கல் வரும்.

மொரப்பூரிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவன்: அந்த வழக்கு நடந்தபோது நம்ம ஊரில் என்ன நடந்தது தாத்தா?

கெட்டிக்காரன். ஹைதர் அலி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் பாராமகால் என்ற பெயரில் மைசூரின் கீழ் இருந்தன. இதில் ஒரு வேடிக்கை கேள். மம்பெட்டுக்குத் தீர்ப்பு வந்தது 1781 ஆகஸ்ட். அதே அக்டோபரில் யார்க்டவுன் என்ற இடத்தில் பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ், வாஷிங்டனின் படையிடம் சரணடைந்தார். அமெரிக்கா கைவிட்டுப் போனது. தோற்ற அதே காரன்வாலிஸைத்தான் கொஞ்ச வருடத்தில் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். இங்கே திப்புவோடு போர். 1791-ல் உன் பஸ் ஜன்னலில் தெரிகிற கிருஷ்ணகிரி மலைக்கோட்டை மேல் ஏறப் பார்த்து வெள்ளைக்காரப் படை அடிபட்டுத் திரும்பியது. ஆனாலும் 1792 உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனி கைக்குப் போய்விட்டது. அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி போட்டுக்கொண்டிருந்த வருடங்களில், செட்ஜ்விக் ஃபிலடெல்ஃபியாவில் கடனும் வரியும் பேசிக்கொண்டிருந்தார்.

ஊத்தங்கரையிலிருந்து பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: எங்கள் உறவுக்காரக் குடும்பம் முன்பணம் வாங்கிக்கொண்டு வெளி மாவட்டச் செங்கல் சூளைக்குப் போனது. கணக்கு முடியவில்லை என்று அனுப்ப மறுக்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

கதையெல்லாம் இருக்கட்டும், இதுதான் முக்கியம். வழக்குப் போடும் வரை காத்திருக்க வேண்டாம். 1976-ஆம் வருடத்துக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணத்தைக் காட்டி ஆளைப் போக விடாமல் வைத்திருப்பது குற்றம். அந்தக் கடனே செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு, 15-ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்தவர் மேல். உங்கள் உறவுக்காரர் மேல் இல்லை. இதை அவருக்கு முதலில் சொல்லுங்கள், பாதிப் பயம் போகும்.

சூளை இருக்கிற மாவட்டத்துக் கலெக்டருக்கும் கோட்டாட்சியருக்கும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். யார் யார் போனார்கள், குழந்தைகள் வயது, எந்த மாதம் போனார்கள், முன்பணம் எவ்வளவு, சூளை எந்த ஊர் ரோட்டில் இருக்கிறது, போனைப் பிடுங்கினார்களா, அடித்தார்களா. நகல் ஒன்றை உங்கள் மாவட்டக் கலெக்டருக்கும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார், 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். மீட்டு வந்ததும் கோட்டாட்சியர் கையெழுத்திட்ட விடுதலைச் சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். அரசு தரும் மறுவாழ்வு உதவிக்கு அந்தக் காகிதம்தான் ஆதாரம். அது இல்லாமல் வேனில் ஏற்றி ஊரில் இறக்கிவிட்டுப் போனால், அடுத்த சீசனில் அதே மேஸ்திரி வாசலில் வந்து நிற்பார்.

தருமபுரியிலிருந்து ஒரு அம்மா: என் பையன் பாஸ்டன் பக்கம் வேலை பார்க்கிறான். வரும் கோடையில் போகிறோம். இவர்கள் வாழ்ந்த இடம் ஏதாவது இருக்கிறதா?

தாராளமாகப் பாருங்கள் அம்மா. பாஸ்டனிலேயே மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் மம்பெட்டின் படம் இருக்கிறது. 1811-ல் செட்ஜ்விக் வீட்டு மருமகள் சூசன், தந்தத் தகட்டில் வரைந்த சின்னஞ்சிறு ஓவியம். நீலச் சட்டை, வெள்ளைத் தலைக்கட்டு, கழுத்தில் தங்க மணிமாலை. அந்த மணிகளும் அங்கேயே இருக்கின்றன. சொந்தச் சம்பாத்தியத்தில் ஸ்டாக்பிரிட்ஜில் வீடும் வாங்கினார் அந்த அம்மா. பிரசவம் பார்ப்பதிலும் நோயாளியைக் கவனிப்பதிலும் ஊரில் அவரை விட்டால் ஆள் இல்லை என்று பெயர்.

ஷெஃபீல்டில் ஆஷ்லி வீடு இன்னும் நிற்கிறது, 1735-ல் கட்டியது, அந்த மாடி அறையோடு. 2022-ல் அதே ஊரில் மம்பெட்டுக்குச் சிலையும் வைத்துவிட்டார்கள். ஸ்டாக்பிரிட்ஜ் கல்லறைத் தோட்டத்தில் செட்ஜ்விக் நடுவில், குடும்பத்தார் சுற்றிச் சுற்றி வட்டமாக. கடைசி நாளில் எழுந்தால் செட்ஜ்விக் குடும்பத்தாரைத் தவிர வேறு யார் முகமும் கண்ணில் படக் கூடாது என்று இந்த ஏற்பாடாம். ஊரில் அப்படிக் கேலி செய்வார்கள். அந்த வட்டத்துக்குள் இருக்கிற ஒரே வெளி ஆள் மம்பெட், 1829 டிசம்பர் 28-ல் இறந்தவர். அன்று கேதரினுக்கு நாற்பதாவது பிறந்தநாள். அவர் பக்கத்திலேயே பின்னாளில் கேதரினும் அடக்கம்.

பாஸ்டனிலிருந்து காரில் இரண்டரை, மூன்று மணி நேரம் மேற்கே போக வேண்டும். ஆஷ்லி வீட்டை எல்லா நாளும் திறப்பதில்லை, பையனை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள். சிலை, கல்லறை இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.